தனிச் சட்டியில் வெந்த அலகு

நான் வேலை பார்த்த தேயிலைத் தோட்டத்துக் கிளினிக்கில் இப்போது இருப்பவர் நவீன் என்ற தம்பி. போன மாதம் கைப்பேசியில் கூப்பிட்டார். எச்.ஐ.வி. சோதனை இப்போது சின்னப் பெட்டியாகக் கூரியரில் வீட்டுக்கே வந்துவிடுகிறதாம். கதவைச் சாத்திக்கொண்டு தானே பார்த்துக்கொள்ளலாமாம், யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லையாம். "உங்க காலத்துல எப்படிங்க ஐயா சமாளிச்சீங்க? நம்ம சங்கத்து ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை எழுதிக் குடுங்களேன் லா" என்றார்.

எங்கள் காலத்தில் எல்லாரும் எல்லார் முகத்தையும் பார்த்தாக வேண்டும், தம்பி. சிக்கலே அதுதான்.

தாளில் என் பதவி மருத்துவ உதவியாளர். தோட்டத்தில் எல்லாருக்கும் நான் டிரஸர். பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஈப்போ நகரத்து ஆஸ்பத்திரியில் மூன்று ஆண்டுகள் கட்டுப் போட்டேன், ஊசி போட்டேன், திட்டு வாங்கினேன். பிறகு கேமரன் மலைக்கு ஏறி வந்து ஒரு ஸ்வெட்டர் வாங்கினேன். முப்பத்திரண்டு ஆண்டுகள் கழித்து ஓய்வு பெற்று, ரிங்லெட் வரைக்கும்தான் இறங்கினேன். அதற்குக் கீழே வெயில் எனக்கு ஒத்துக்கொள்ளாது.

கிளினிக்கில் இரண்டு அறைகள். முன்னறையில் நான். பின்னறையில் மருத்துவச்சி மேரி. என்னைவிட நான்கு வயது மூத்தவர், கை சுத்தம், வாய் அதைவிடச் சுத்தம். ஒரு வீட்டுச் சேதியை இன்னொரு வீட்டுக்குக் கொண்டுபோக மாட்டார். என் மனைவி சரோஜா தீபாவளிக்கும் பொங்கலுக்கும் கிளினிக் ஆட்களுக்குப் பலகாரம் பொட்டலம் கட்டிக் கொடுப்பாள். ஒரு கட்டத்தில் மேரிக்கு மட்டும் பொட்டலம் வராமல் போனது. வேதக்கார வீடு, நம் பண்டிகைப் பலகாரம் சாப்பிடுவார்களோ மாட்டார்களோ என்று யோசிக்கிறாள் போல என்று நினைத்து, என் பங்கில் பாதியை நானே மேரிக்குக் கொடுத்துவிடுவேன்.

மாதம் இரண்டு வியாழக்கிழமை டாக்டர் சோங் வருவார். எஸ்டேட் எஸ்டேட்டாகச் சுற்றியே தமிழ் கற்றுக்கொண்ட சீனர். எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்க்காமல், ஃபைலைப் பார்த்துக்கொண்டே பேசுவார். எந்த நோயாக இருந்தாலும் அவர் கேட்பது மூன்றே கேள்விகள். "என்னா நடந்துச்சு? எந்தத் தேதி? வேற யாருக்குத் தெரியும்?" முதல் இரண்டும் மருத்துவம். மூன்றாவது எதற்கு என்று ரொம்ப நாள் எனக்குப் புரியவில்லை. மலேரியாக் காய்ச்சல்காரனிடம்கூட அதைக் கேட்பார். பதிலைக் குறித்துக்கொண்டு, பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்துவிட்டுத்தான் ஸ்டெதஸ்கோப்பை எடுப்பார்.

அந்த மூன்று கேள்விகளுக்கும் நானே பதில் சொல்ல வேண்டிய நாள் ஒன்று வந்தது. நான் வந்து ஆறாவது வருடம். போதை ஊசிப் பழக்கம் இருந்த ஒரு நோயாளிக்கு ஊசி போட்டுவிட்டு எடுக்கும்போது அந்த ஆள் கை திமிறி, அதே ஊசி என் கட்டைவிரலில் ஏறிவிட்டது. இரண்டு வாரம் கழித்து அந்த ஆளுக்கு எச்.ஐ.வி. என்று பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து சேதி வந்தது. இன்று உடனே போட்டுக்கொள்ள மாத்திரை இருக்கிறது. அன்று எனக்குக் கிடைத்தது காலண்டர் மட்டும்தான். ஆறு வாரம், மூன்று மாதம், ஆறு மாதம் என்று ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும். பின்னறைக் கதவைச் சாத்திக்கொண்டு மேரிதான் எடுத்தார். ஒவ்வொரு முறையும் எனக்கு அழுகை வந்துவிடும். அவர் பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு, அழுது முடிக்கும்வரை நிற்பார். வீட்டில் முதுகுவலி, பலகையில்தான் படுக்க வேண்டும் என்று சொல்லி ஆறு மாதம் ஹாலில் படுத்தேன்.

டாக்டர் சோங் கேட்டார். "வேற யாருக்குத் தெரியும்?"

"மேரிக்கு."

"சம்சாரம்?"

"சொல்லணும் டாக்டர்."

அதை எழுதிக்கொண்டார். அடுத்த வியாழன், அதற்கடுத்த வியாழன் என்று விடாமல் கேட்டார். நடுவில், "டிரஸர், கை கீழே" என்பார். கழுத்தில் நெறி கட்டியிருக்கிறதா என்று என் கை தானாகத் தடவிக்கொண்டிருக்கும். கடைசியில் தொல்லை தாங்காமல், "சொல்லிட்டேன் டாக்டர்" என்றேன். என்னுடைய இத்தனை வருட வேலையில் அவர் தலையை நிமிர்த்தி என் முகத்தைப் பார்த்தது அந்த ஒரு முறைதான். பிறகு குனிந்து ஃபைலில் ஏதோ எழுதினார். ஆறு மாத முடிவும் ஒன்றுமில்லை என்று வந்தது. பலகையை விறகுக்குப் போட்டேன்.

இனி குணசேகரன் கதைக்கு வருகிறேன். நான் ஓய்வு பெறுவதற்கு இரண்டு வருடம் முன்னால் நடந்தது. அதற்குள் மேரியும் ஓய்வு பெற்று, மலையடிவாரத்துத் தாப்பாவில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். பெயரையும் வேறு சில அடையாளங்களையும் மாற்றியிருக்கிறேன். யார் என்று கண்டுபிடிக்கக் கிளம்புகிறவர்கள் முதலில் தங்கள் வீட்டைச் சுத்தம் செய்துகொள்ளட்டும்.

குணா தோட்டத்து வேன் டிரைவர். முப்பத்தைந்து வயது. மனைவி தேவி ஃபேக்டரியில் தேயிலை பேக்கிங் பகுதியில் இருந்தாள். ஒரே மகள், இரண்டாம் வகுப்பு. வாரம் இரண்டு முறை ஈப்போவுக்கு வேன் போகும், தோட்டத்துக் கடிதங்களும் என் கிளினிக்கின் ரத்தக் குழாய்களும் அதில்தான் போகும். ஒரு புதன்கிழமை மதியம் தொண்டை வலி என்று வந்து உட்கார்ந்தான். டார்ச் அடித்துப் பார்த்தேன். ஒன்றுமில்லை. எழுந்திருக்க மாட்டேன் என்கிறான்.

"என்னா நடந்துச்சு?" என்றேன். டாக்டர் சோங் போய்ச் சேர்ந்து வருடங்கள் ஆகியிருந்தன. கேள்வி மட்டும் என்னிடம் தங்கிவிட்டது.

ஈப்போவில் ஒரு மசாஜ் கடை. கூட்டாளி கூட்டிக்கொண்டு போனான். போன வாரம், ஒரே ஒரு தடவை. ஆணுறை? போட்டிருந்தது. கிழிந்ததா? இல்லை. நடுவில் கழற்றினாயா? இல்லை, முடியும்வரை இருந்தது. அங்கிருந்த பெண் எதற்கும் விட்டுக்கொடுக்கவில்லையாம், கடையின் சட்டமாம்.

"டேய், உன்னைவிட அந்தப் பொண்ணு கவனமா இருந்திருக்கா. பயம் ரொம்பக் கொஞ்சம்தான். ஆறு வாரத்துல ஒண்ணு, மூணு மாசத்துல ஒண்ணு, ரத்தம் பாத்துடலாம். போ, போய் வேலையப் பாரு."

"கொஞ்சம்னா எவ்ளோங்க ஐயா?"

"நீ தாப்பா ரோட்டுல வேன் ஓட்டுறியே, அதவிடக் கொஞ்சம்."

அவன் போனான். வெள்ளிக்கிழமை திரும்பி வந்தான். கைப்பேசியில் எல்லாம் படித்துவிட்டான். படித்த வரிசைப்படியே அறிகுறிகளும் வந்தன. ராத்திரி வியர்க்கிறது என்றான். மூன்று ஸ்வெட்டர் போட்டுப் படுத்தால் யாருக்கும்தான் வியர்க்கும். எடை குறைகிறது என்றான். பத்து நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. தொடையில் தடிப்பு. தினம் இரண்டு வேளை கிருமிநாசினி ஊற்றிக் குளித்திருக்கிறான். கழுத்தில் நெறி கட்டியிருக்கிறது என்று தொட்டுக் காட்டினான். உண்மையிலேயே கொஞ்சம் வீங்கித்தான் இருந்தது. பகல் முழுக்க அமுக்கிக்கொண்டே இருந்தால் வீங்காமல் என்ன செய்யும்?

"குணா, கை கீழே" என்றேன். சொன்ன பிறகுதான் அது யார் வார்த்தை என்று உறைத்தது.

ஆறாவது வாரம் ரத்தம் எடுத்தேன். குழாயில் பெயர் எழுதவில்லை, எண் மட்டும். அதைப் பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து ஈப்போ ஆய்வுக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும். கொண்டுபோவது யார்? வேன் டிரைவர். ஆக, தன் ரத்தத்தைத் தானே மடியில் வைத்துக்கொள்ளாத குறையாக ஈப்போவுக்கு ஓட்டிப் போனான். பெட்டிக்கு சீட் பெல்ட் போட்டிருந்தானாம். மலை இறக்கத்தில் அவன் பின்னால் காய்கறி லோரிகள் வரிசையாக ஹாரன் அடித்துக்கொண்டு வந்ததாக ஊரெல்லாம் பேச்சு. அடுத்த வாரம் முடிவையும் அவனே கொண்டுவந்தான். உறையைப் பிரிக்கவில்லை. என் மேசைமேல் வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்து நின்றான்.

இல்லை என்று வந்திருந்தது. தாளைக் காட்டினேன். இரண்டு முறை வாசித்தான்.

"நம்பர் மாறிப் போயிருக்குமாங்க ஐயா?"

"அன்னைக்கு அனுப்புனது ஒரே ஒரு குழாய்தான்டா."

அப்போதும் நம்பவில்லை. மூன்று மாதம் முடிய வேண்டுமே. நடுவில் தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழா வந்தது. எனக்குத் தெரியாமல் குணா அம்மனிடம் போய், எனக்கு ஒன்றும் இருக்கக் கூடாது, நாக்கில் அலகு குத்திக்கொள்கிறேன் என்று வேண்டியிருக்கிறான்.

எங்கள் தோட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. வெளியாருக்குத் தெரியாது. திருவிழாவுக்கு முந்தின நாள் மதியம் கோயில் அலகுகள் எல்லாம் என் கிளினிக்குக்கு வந்துவிடும். நான் வேலைக்கு வந்த புதிதில் ஒருவருக்குக் கன்னம் சீழ் பிடித்ததிலிருந்து நான் கறாராக ஏற்படுத்திய ஏற்பாடு. முதலில் திருநீறும் எலுமிச்சைக் கறையும் போகத் தேய்த்துக் கழுவுவேன். பிறகு பெரிய கொதிகலனில் இருபது நிமிடம். கொதி வந்த பிறகுதான் நிமிடம் கணக்கு. கிடுக்கியால் எடுத்து, வேகவைத்த துணியில் ஒவ்வொன்றாகச் சுற்றித் தட்டில் அடுக்குவேன். ஒரு ஆளுக்கு ஒரு அலகு, ஒருவருக்குக் குத்தியதை இன்னொருவருக்குக் குத்தக் கூடாது என்று கோயில் தலைவர் மாணிக்கத்திடம் கையெழுத்து வாங்கிவிடுவேன். பூசாரி தட்டைச் சாமி தட்டு மாதிரி இரண்டு கையால் வாங்கிக்கொண்டு போவார். அம்மன் சக்தியில் பாதி என் கொதிகலனில் இருக்கிறது என்று மாணிக்கம் அண்ணன் கேலி செய்வார்.

அந்த வருடம் குணாவும் வந்தான். செய்தித்தாளில் சுற்றிய புது அலகு, ஈப்போவில் செய்தது. கூடவே ஒரு சின்ன அலுமினியச் சட்டி.

"ஐயா, என்னோடத இதுல தனியா வேக வைங்க."

மாணிக்கம் அண்ணன் பக்கத்தில் நிற்கிறார். பூசாரி நிற்கிறார். நேர்ந்துகொண்ட இளைஞர்கள் ஆறேழு பேர் நிற்கிறார்கள். என் கண்ணசைவு எதுவும் குணாவுக்கு எட்டவில்லை. தன் நாக்கிலிருந்து யாருக்கும் எதுவும் ஒட்டிவிடக் கூடாது என்ற ஒரே நினைப்பில் இருந்தான். நல்ல எண்ணம்தான். ஒரு ஆளுக்கு ஒரு அலகு என்ற ஏற்பாட்டில் அதற்குத் தேவையே இல்லை. ஆனால் ஆயிரம் கைப்பேசிப் பக்கம் படித்தவனுக்கு என் ஒரு வரி ஏற்பாடு மறந்துவிட்டது.

"ஏன்பா, எங்க அலகோட சேந்து வெந்தா உன் அலகுக்கு என்னா ஆவும்?" என்று மாணிக்கம் அண்ணன் கேட்டார்.

"ஒண்ணும் இல்லண்ணே. எனக்கு... சளி."

அன்று பொழுது சாய்வதற்குள் லயத்துக் குடியிருப்பு முழுக்க குணாவின் சளி பரவிவிட்டது. காசநோய் என்றார்கள் சிலர். திமிர் என்றார்கள் சிலர். ஈப்போவில் இன்னொரு குடும்பம் வைத்திருக்கிறான், அவள் வாங்கிக் கொடுத்த அலகு என்றும் ஒரு கட்சி. மறுநாள் அவன் அந்தத் தனிச் சட்டி அலகை நாக்கில் குத்திக்கொண்டு, கண்ணில் நீர் வழியக் கோயிலைச் சுற்றினான். பக்தி என்று கும்பிட்டார்கள் வயதானவர்கள். இரண்டு நாள் கழித்துக் கிளினிக்குக்கு வந்து, வீங்கிய நாக்கோடு, "ஐயா, இனி அலகு குத்துன தேதியில இருந்து மூணு மாசம் எண்ணணுமா?" என்று கேட்டான். உன் அலகு, உன் ரத்தம், உன்னிடமிருந்து உனக்கே ஒட்டாது என்று விளக்கி அனுப்பினேன்.

அதுவரை எனக்கு இது ஒரு வேடிக்கை. மறுநாள் தேவி தலைவலி என்று வந்தபோது வேடிக்கை நின்றது.

ஃபேக்டரிச் சீருடையோடு வந்திருந்தாள். தலைமுடியில் தேயிலைத் தூசி. தலைவலியைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

"ஐயா, ரெண்டு மாசமா அவரு ஹால்ல படுக்குறாரு. தனித் தட்டு, தனி கிளாஸ், தனி சோப்பு. புள்ளயக்கூட தொட மாட்டேங்குறாரு. கேட்டா முதுகு வலியாம். நான் ஒண்ணும் முட்டாள் இல்ல. ஈப்போல ஒருத்தி இருக்கான்னு பேக்கிங்ல எல்லாரும் பேசுறாங்க. உங்ககிட்ட வந்து வந்து போறாரே, உங்களுக்குத் தெரியும். ஆமா இல்லன்னு மட்டும் சொல்லுங்க. சனிக்கிழம புள்ளய கூட்டிக்கிட்டு திரிங்காப்ல அம்மா வீட்டுக்குப் போறேன். இனிமே வர மாட்டேன்."

முதுகுவலி என்ற சொல்லைக் கேட்டதும் ஹாலில் கிடந்த என் பலகை எனக்கு ஞாபகம் வந்தது. நோயாளி சொன்னதை வெளியே சொல்லக் கூடாது. சொல்லாவிட்டால் சனிக்கிழமை ஒரு குடும்பம் உடையும், அதுவும் இல்லாத ஒருத்திக்காக. "தலைவலிக்கு மாத்திரை தர்றேன்மா, குணாவை உன்கிட்ட பேசச் சொல்றேன்" என்றேன். அதைவிட உதவாத மருந்தை என் வாழ்நாளில் நான் கொடுத்ததில்லை. அவள் மாத்திரையை மேசையிலேயே வைத்துவிட்டுப் போனாள்.

குணாவைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். "இன்னைக்கே சொல்லிடு. நடந்தத அப்படியே சொல்லு. ரத்தம் பாத்ததையும் சொல்லு."

"சொன்னா விட்டுட்டுப் போயிடுவா ஐயா."

"சொல்லாட்டியும் போறா. எதுக்காகப் போறான்னாவது தெரிஞ்சு போகட்டும்."

அவன் என்னை நேராகப் பார்த்தான். "நீங்களா இருந்தா அம்மாகிட்ட சொல்லுவீங்களா?"

அம்மா என்றால் சரோஜா. அப்போதுதான் ஊசிக் கதையை அவனுக்குச் சொன்னேன். கட்டைவிரல், ஆறு மாதம், பலகை, எல்லாம். ஒன்றே ஒன்றை மட்டும் மாற்றினேன். "ஊசி குத்துன அன்னைக்கே அவகிட்ட சொல்லிட்டேன். அவ ஒரு வார்த்த பேசல. ஆறு மாசமும் கூடவே இருந்தா" என்றேன். பொய் சொல்கிறோம் என்று தெரிந்தே சொன்னேன். சொல்லச் சொல்ல அது அவ்வளவு அழகாக வந்தது. சரோஜா என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததாகக்கூடச் சேர்த்துக்கொண்டேன்.

குணா அழுதான். எழுந்து நேரே வீட்டுக்குப் போனான்.

அவன் சொன்னதும் தேவி அந்தத் தனித் தட்டை எடுத்து அவன்மேல் எறிந்தாள் என்று பின்னால் அவனே சொன்னான். நெற்றியில் மூன்று தையல் போட்டவன் நான்தான். சொன்னபடியே சனிக்கிழமை அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். மூன்று மாதச் சோதனைக்கு ரத்தம் எடுக்கிற அன்று காலை கிளினிக் வாசலில் வந்து நின்றாள். "நானும் பாத்துக்கணும்" என்றாள். இரண்டு குழாய்கள், இரண்டு எண்கள். அவள் கையை நீட்டி, முகம் சுளிக்காமல் கொடுத்துவிட்டு, மகளுக்குப் பள்ளிக்கூடச் சப்பாத்து வாங்க வேண்டும் என்று வேனில் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டாள். அன்று வேன் வழக்கமான வேகத்தில் போனது.

இரண்டும் இல்லை என்று வந்தன. தேவி லயத்துக்குத் திரும்பினாள், ஆனால் குணாவோடு சரியாகப் பேச அவளுக்கு ஒரு வருடம் ஆனது. இப்போது இரண்டாவது குழந்தைக்கு நாலு வயது. என்னை எங்கே பார்த்தாலும், "நீங்க அம்மாகிட்ட அன்னைக்கே சொன்னீங்க பாருங்க, அதான் எனக்கும் தைரியம் வந்துச்சு" என்பான் குணா. நான் தலையாட்டுவேன்.

நவீன், நீங்கள் கேட்டது இதுதான். பெட்டியைக் கூரியரில் அனுப்புங்கள், நல்லது. டாக்டர் சோங்கின் மூன்றாவது கேள்வியையும் கேளுங்கள். அதற்கு வரும் பதிலை மட்டும் உடனே நம்பிவிடாதீர்கள்.

இதோடு முடித்துவிட்டுத்தான் தாளை மடித்து வைத்திருந்தேன். நான் எழுதுவது எதுவாக இருந்தாலும் எழுத்துப்பிழை பார்ப்பது சரோஜா. நேற்றுக் காலை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். குணாவுக்குச் சொன்ன பொய் வரும் இடத்தில் சிரிப்பாள் அல்லது திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் அதுவரை போகவே இல்லை. முதல் பக்கத்திலேயே நின்றுவிட்டாள்.

"ஊசியா?" என்றாள்.

"ஆமா."

"அந்த ஆறு மாசமும்?"

"ஆமா. உன்ன பயப்படுத்த வேணாம்னு..."

"கதவச் சாத்திக்கிட்டு உள்ள இருந்தது?"

"மேரி ரத்தம் எடுத்தாங்க. அவ்வளவுதான்."

கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

"சாப்பாடு கொண்டாந்தப்போ ஜன்னல் வழியா பாத்தேன். நீங்க அழுறீங்க, அவங்க உங்க கையப் புடிச்சிக்கிட்டு நிக்கிறாங்க. நான் கேக்கல. அன்னையில இருந்து உங்கள மன்னிச்சிக்கிட்டே இருக்கேன். எவ்ளோ வருஷம்."

மேரிக்கு வராமல் போன பலகாரப் பொட்டலங்களை நினைத்துக்கொண்டேன். என் பங்கில் பாதியை மேரிக்குக் கொடுத்ததை அவள் ஒவ்வொரு பண்டிகைக்கும் பார்த்திருக்கிறாள்.

சரோஜா எழுந்து சமையலறைக்குப் போனாள். மாவு டப்பா திறக்கும் சத்தம் கேட்டது. முறுக்கு அச்சு எங்கே என்று கேட்டாள். எடுத்துக் கொடுத்தேன்.

"மேரி தாப்பாவுலதானே இருக்காங்க?"

"ஆமா, மக வீட்டுல."

"நாளைக்குக் காலையில காரை எடுங்க. வாசல் வரைக்கும் ஓட்டிட்டு வந்தா போதும். உள்ள நான் மட்டும் போறேன்."